பதினோராம் மதகின் குறைகள்

கோயம்புத்தூர்
8.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் விஜயகுமாரியும் இங்கே சுகம். உன் காது எப்படி இருக்கிறது? போனில் கத்திக் கத்தி இரண்டு பேருக்கும் கோபம் வந்ததுதான் மிச்சம். இனிமேல் கடிதம்தான் என்று நீ முடிவு செய்தது எனக்கும் சம்மதம். செல்லில் அனுப்பினால் உன் மருமகள் கீதாஞ்சலி முதலில் படித்துவிடுகிறாள் என்கிறாய். அவள் பாவம், விடு.

ஒரு நல்ல செய்தி. ‘பதினோராம் மதகு’ படத்தைத் துடைத்துப் புதுசாக்கிவிட்டார்கள். டைரக்டர் கலைவேந்தனுக்கு எண்பது வயது நிறைகிறது. புதுச்சேரியில் சினிமாப் பிரியர்கள் சிலர் சேர்ந்து, படம் எடுத்த ஊரிலேயே காட்ட வேண்டும் என்று ஜூன் கடைசியில் நம் மதகடிப்பட்டுக் கல்யாண மண்டபத்தில் விழா வைக்கிறார்கள். ஒரு விழா மலரும் போடுகிறார்கள். அதில் படத்தின் நிறைகுறைகளை நான் எழுத வேண்டுமாம். அந்தப் படத்தில் உதவி டைரக்டராக இருந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்தன்தான்.

85இல் படப்பிடிப்பு நடந்த நாளெல்லாம் யூனிட்டுக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு. உனக்கு நினைவில் இருப்பதை எழுது.

உன் தம்பி,
சௌந்தரராஜன்

மதகடிப்பட்டு
19.1.2024

தம்பி சௌந்தரத்துக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

இடது காது போயே போய்விட்டது. வலது காது போகட்டுமா இருக்கட்டுமா என்று யோசிக்கிறது. மற்றபடி கல்லு மாதிரி இருக்கிறேன். உன் சர்க்கரை எவ்வளவு என்று எழுதவில்லையே?

நல்ல செய்தியாம்! உனக்கு வெட்கமே கிடையாதா?

83இல் வேலம்மாள் கரும்புக் கொல்லைக் கிணற்றில் செத்துக் கிடந்தாள். புருஷன் அடி தாங்காமல் விழுந்தாள் என்பது ஊருக்கே தெரியும். அதை எடுத்துப் போய், நாகப்பன் என்ற மளிகைக்காரன் அவளைக் கொன்று ஏரி மதகில் போட்டான் என்று படம் பிடித்தான் உன் கலைவேந்தன். பிடிக்கட்டும். நாகப்பனுக்கு எதற்கு நம் அப்பாவின் மூக்குக்கண்ணாடி? அப்பாவின் பச்சைத் துண்டு? பொட்டலம் கட்டி நூலைப் பல்லால் கடிக்கிற பழக்கம்? நம் வீட்டுச் சோறு தின்றுகொண்டே நம் அப்பாவைப் பார்த்துப் பார்த்துக் கொலைகாரனைச் செய்திருக்கிறான்.

படம் வந்த மறுவாரமே “நாகப்பன் கடைக்குப் போய் உப்பு வாங்கியா” என்று ஆரம்பித்தார்கள். அரங்கநாதன் என்ற பெயர் அதோடு போயிற்று. தாம்பூலம் மாற்றின வில்லியனூர்ச் சம்பந்தம், “சினிமாவுல வந்தவரு வூட்டுப் பொண்ணு வாணாம்” என்று எனக்கு நின்று போனது. அப்பா சாகிற வரைக்கும் எட்டு வருஷம் அந்தப் பெயரைச் சுமந்தார். ஒரு நாள் ஒருத்தனையும் எதிர்த்துப் பேசியதில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

மலரில் நீ எதை வேண்டுமானாலும் எழுது. ஆனால் ஒரு வரி வேண்டும்: “வேலம்மாள் சாவுக்கும் என் தகப்பனார் அரங்கநாதனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.” இது வந்தே ஆக வேண்டும்.

கமலவேணி

கோயம்புத்தூர்
2.2.2024

அன்புள்ள அக்கா,

சர்க்கரை நூற்று எண்பது. மூட்டு வலி கூடுதல். நீ மருந்தை விடாதே.

உன் கோபம் நியாயம்தான். ஆனால் படத்தைப் படமாகப் பார். அந்தக் காலத்தில் முதல் நாற்பது நிமிஷம் பாட்டே இல்லாமல் ஒரு படம் எடுக்க யாருக்குத் துணிச்சல் இருந்தது? கொலைகாரன் யார் என்பதை இடைவேளைக்கு முன்பே சொல்லிவிட்டு, அவன் மாட்டுவானா மாட்டானா என்று ஒரு மணி நேரம் மூச்சைப் பிடிக்க வைத்தாரே! கரும்புக்குள் அந்தப் பெண் ஓடுகிற இடத்தில் இசை கிடையாது. பம்புசெட் சத்தமும் தோகை கிழிக்கிற சத்தமும் மட்டும்தான். தமிழில் அதுபோல் சத்தத்தை வைத்துப் பயமுறுத்தியவர்கள் குறைவு. குறைகளும் உண்டு. காமெடி ஒட்டவில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர் பத்து நிமிஷம் உபதேசம் செய்கிறார்.

நீ கேட்கும் வரியைப் போட்டால், மறந்து போன ஊருக்கு நாமே ஞாபகப்படுத்தியது போல ஆகும். சினிமா மலரில் குடும்ப விஷயம் எதற்கு? யோசித்துப் பார்.

நவநீதனை விசாரித்ததாகச் சொல்.

சௌந்தரம்

மதகடிப்பட்டு
12.2.2024

தம்பிக்கு,

இங்கே என் மகன், மருமகள் எல்லாரும் நலம். நூற்று எண்பதை வைத்துக்கொண்டு என்னை மருந்து சாப்பிடச் சொல்கிறாயா?

மறந்து போன ஊரா? போன மாதம் செல்போனைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் கடைக்கு வந்து, “இன்னாண்ணா, இதானே நாகப்பன் கடை?” என்று நவநீதனையே கேட்டார்கள். அவன் தாத்தா கடையை நடத்துகிறவன் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள்! பிள்ளை அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

படத்தைப் படமாகப் பார் என்றாய். முப்பத்தெட்டு வருஷமாகப் பார்க்காதவள், பார்த்தேன். நவநீதன் டிவியில் போட்டுக் கொடுத்தான். நீ சத்தம் சத்தம் என்று உருகுகிறாய். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. வசனத்தைக் கீதாஞ்சலி நோட்டில் எழுதி எழுதிக் காட்டினாள். கேட்காமல் பார்த்தால் கண் நன்றாக வேலை செய்கிறது. எழுதிக்கொள்.

நம் புதுச்சேரிப் போலீசுக்குச் சிவப்புத் தொப்பி. உன் படத்தில் ஒருத்தன் தலையிலும் சிவப்பு இல்லை; விழுப்புரத்திலிருந்து கடன் வாங்கிவந்த போலீசா? அவள் கரும்புக்குள் நுழையும்போது பயிர் இடுப்புயரம், வெளியே வரும்போது பூத்து நிற்கிறது. எத்தனை மாசம் ஓடினாள்? மாசி மாதத்தில் மதகு நிறையத் தண்ணீர் போகிறது. எந்த ஏரியில்?

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று. விடிகாலையில் அவள் கடைக்கு வந்து அழுகிறாள். நாகப்பன் “இன்னும் போணி ஆகல, அழாதே” என்று விரட்டிவிட்டுப் பின்னாலேயே போகிறான். அப்போது கடைக்கு முன்னால் மாடு மாடாக ஓட்டிப் போகிறார்கள். சந்தைக்குப் போகிற மாடு. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை. வேலம்மாள் செத்ததும் சந்தை நாள்தான். சந்தையே கலைந்து ஓடியது என்று நான் பாகூர்ச் சித்தி வீட்டிலிருந்து திரும்பியபோது சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை அப்பா கடையில் எப்படி இருப்பார்? நாலு மணிக்கே புளியையும் மிளகாயையும் எடுத்துக்கொண்டு சந்தையில் விரிக்கப் போய்விடுவாரே. ஒரு செவ்வாய் தப்பியதுண்டா? இந்தக் குறையை நீ எழுதினாலே போதும், நாகப்பன் வேறு அப்பா வேறு என்று ஆகிவிடும்.

இன்னொன்று. கடைசியில் பெயர்கள் ஓடினபோது பார்த்தேன். சோடா உடைக்கிறவனுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. செத்தவளுக்கு வெறும் ‘பெண்’ என்று போட்டிருக்கிறது. தூ!

கமலவேணி

மதகடிப்பட்டு
25.3.2024

சௌந்தரத்துக்கு,

ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. படுத்துவிட்டாயா என்று பயந்து நவநீதனைவிட்டு விஜயகுமாரிக்குப் போன் போடச் சொன்னேன். “அவரு நல்லாத்தான் இருக்காரு” என்றாளாம். நல்லாத்தான் இருக்கிறவனுக்குக் கை என்ன ஆயிற்று?

நேற்று விழாக்காரர்கள் வந்தார்கள். மண்டபத்து வாசலில் நம் கடை மாதிரியே அட்டையில் ஒரு கடை செய்து, ‘நாகப்பன் மளிகை’ என்று போர்டு மாட்டுவார்களாம். வருகிறவர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாமாம். நவநீதன் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு அதற்குள் உட்கார முடியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். கடையில் இருந்த துடைப்பத்தை எடுத்தேன். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

வரி எழுதினாயா இல்லையா?

கமலவேணி

கோயம்புத்தூர்
9.4.2024

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கண்ணில் புரை என்று டாக்டரிடம் அலைந்தேன். வெயில் இங்கேயே தாங்கவில்லை, அங்கே எப்படியோ. மோர் நிறையக் குடி.

நீ சொன்ன குறைகள் பிரமாதம். சிவப்புத் தொப்பிக்கு அன்றைக்கு அனுமதி கிடைக்கவில்லை. கரும்பு இரண்டு ஊரில் எடுத்தது. திருவாண்டார்கோயில் பக்கம் பாதி, கரையாம்புத்தூர்ப் பக்கம் மீதி. அதனால் உயரம் மாறிவிட்டது. மதகுத் தண்ணீர் மோட்டார் வைத்து இறைத்தது. மூன்றையும் உன் பெயரைச் சொல்லியே கட்டுரையில் சேர்த்துவிட்டேன். அட்டைக் கடை வேண்டாம் என்று விழாக்காரர்களுக்கு எழுதுகிறேன்.

கட்டுரை அநேகமாக முடிந்துவிட்டது.

சௌந்தரம்

மதகடிப்பட்டு
15.4.2024

சௌந்தரத்துக்கு,

இங்கே எல்லாரும் நலம். சித்திரைப் பிறப்புக்குப் பாயசம் வைத்தேன். எனக்கு இறங்கவில்லை.

தொப்பிக்குப் பதில் எழுதினாய். கரும்புக்குப் பதில், தண்ணீருக்குப் பதில். பெரிய குறை என்று ஒன்று எழுதினேனே, சந்தை! அதற்குப் பதில் எங்கே? என் வரிக்குப் பதில் எங்கே?

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். கலைவேந்தன் மெட்ராஸ்காரன். போணி ஆகாத கடையில் அழுதுகொண்டு உட்காரக்கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம். அது அவனுக்கு எப்படித் தெரிந்தது? அவள் அன்றைக்கு நிஜமாகவே நம் கடைக்கு வந்திருந்தால், அது எனக்கே தெரியாது. அதை அவனுக்கு யார் சொன்னது?

செவ்வாய்க்கிழமை தோறும் அப்பா சந்தைக்குப் போனால் கடை திறக்கிறது யார்?

எழுது. கண்ணில் புரை என்று சொல்லாதே.

கமலவேணி

கோயம்புத்தூர்
20.5.2024

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

அன்றைக்குக் கடை திறந்தது நான். எனக்குப் பத்தொன்பது வயது. கதவைத் திறந்து சாம்பிராணி போட்டுவிட்டு உட்கார்ந்தேன். வேலம்மாள் வந்தாள். உதடு வீங்கியிருந்தது. அழுதுகொண்டே, “கரையாம்புத்தூர் பஸ்ஸு வர்ற வரைக்கும் உள்ளார ஒக்காந்துக்கறேன் தம்பி. அந்தாளு தேடிகினு வருவான். அம்மா வூட்டுக்குப் போயிடறேன்” என்றாள். “இன்னும் போணி ஆவல. அழுதுகினு கடையில ஒக்காராத. அப்பால வா” என்றேன். அப்பா சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னேன். சந்தை நாள் வேறு. நல்ல போணி ஆக வேண்டும் என்று நினைத்தேன். அவள் போய்விட்டாள். பத்து மணிக்குக் கிணற்றில் கண்டெடுத்தார்கள்.

அப்பா சந்தையிலிருந்து ஓடி வந்தார். சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. “யாரு கேட்டாலும் காலையில கடையில நான்தான் இருந்தேன்னு சொல்லு. நீ படிக்கிற புள்ள” என்றார். போலீசிடம், சந்தைக்கு லேட்டாகப் போனதாகச் சொல்லிவிட்டார். மூன்று நாள் கடையைச் சாத்தினார்.

85இல் கலைவேந்தன் இந்தப் பக்கத்துக் கதை ஏதாவது உண்டா என்று கேட்டார். சொன்னேன். எனக்குப் பதிலாக அப்பாவை வைத்துச் சொன்னேன். கடைக்காரர் விரட்டினார், மூன்று நாள் கடையைச் சாத்தினார் என்றேன். “அப்ப அந்தாளுதான் கொலைகாரன்!” என்று துள்ளினார். இல்லை சார் என்று நான் சொல்லியிருக்கலாம். டைட்டிலில் என் பெயர் வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

படம் பார்த்துவிட்டு வந்த அப்பா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “உம் பேரு போட்டாங்களா?”

சௌந்தரராஜன்

மதகடிப்பட்டு
3.6.2024

சௌந்தரராஜனுக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை கிழிக்கப் போனேன்.

போணி ஆகவில்லை என்று விரட்டினாயே, அதற்கு உன்னை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் கடையில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நம் வீட்டில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்போம். போணி பெரிதா, பொம்பளை பெரிதா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் அதற்கப்புறம் செய்தாயே, அதற்கு மன்னிப்பு கிடையாது. அப்பா போலீசுக்கு முன்னால் உன்னை மறைத்தார். நீ அவரைக் கொண்டுபோய்த் திரையில் மாட்டினாய். எட்டு வருஷம் அந்த மனிதர் தெருவில் நடந்தபோது நீ எங்கே இருந்தாய்? கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது என்று ஓடினாயே, அது வேலைக்கா? எனக்குச் சம்பந்தம் நின்றபோது, “கவலைப்படாதேக்கா” என்று இன்லண்ட் லெட்டரில் எழுதினாயே, அந்தக் கையை என்ன செய்யலாம்?

எனக்கு எழுதியது போதாது. என்னிடம் சொல்லி உன் பாரத்தை இறக்கிக்கொள்ள நான் கோயில் உண்டியல் இல்லை. இதை மலரில் எழுது. குறை என்று போட்டு எழுது.

கமலவேணி

கோயம்புத்தூர்
17.6.2024

அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்.

எழுதினேன். முழுவதும் எழுதினேன். விழாக்காரர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். “படத்தோட டெக்னிக் பத்தி இருக்கறதெல்லாம் ரொம்ப நல்லாருக்கு சார். இது பர்சனல். பெரியவர் மனசு நோகும்” என்றார்கள். சண்டை போட்டேன். மலர் அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள்.

அந்தப் பக்கத்தை என் கையால் திரும்ப எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நான் வரவில்லை. மூட்டு வலி என்று எழுத நினைத்தேன். பயம்தான்.

சௌந்தரம்

மதகடிப்பட்டு
2.7.2024

சௌந்தரத்துக்கு,

நேற்று எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். இன்றைக்குப் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. அட்டைக் கடை வைக்கவில்லை. படம் ஓடினது. கைதட்டினார்கள். கலைவேந்தனுக்கு மாலை போட்டார்கள். ஊர்க்காரர்கள் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று அறிவித்ததாகக் கீதாஞ்சலி எழுதிக் காட்டினாள். எழுந்து மேடைக்குப் போய்விட்டேன்.

“நான் நாகப்பன் பொண்ணு” என்று ஆரம்பித்தேன். சிரித்தார்கள், வாயெல்லாம் தெரிந்தது. உன் பக்கத்தைப் பிரித்துப் படித்தேன். எனக்கு என் குரலே கேட்கவில்லை. கத்தினேனோ, முணுமுணுத்தேனோ தெரியாது. நடுவில் ஒருத்தன் மைக்கைப் பிடுங்க வந்தான். பாவம், விடு என்றாயே, அந்தக் கீதாஞ்சலிதான் அவனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அவள் என்ன சொன்னாளோ, அவன் நகர்ந்துவிட்டான். கடைசியில், “எங்க அப்பா பேரு அரங்கநாதன். செத்தவ பேரு வேலம்மாள். ரெண்டு பேரும் இந்தப் படத்துல இல்ல” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பெரியவர் கலைவேந்தன் ஏதோ பேசினாராம். கதையை நம்பி எடுத்தேன் என்றாராம். நம்பினாராம்! அன்றைக்குக் கூப்பிடு தூரத்தில்தான் அப்பா உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வெளியே வந்தபோது ஒரு பெண்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது, ஐம்பத்திரண்டு வயது இருக்கும். கரையாம்புத்தூர்க்காரி. பெயர் பவுனம்மாள். வேலம்மாளின் தங்கை. அக்கா சாகும்போது அவளுக்குப் பத்து வயதாம். திட்டப் போகிறாள் என்று நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவள் திட்டவில்லை. ஏதோ கேட்டாள், திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை. கீதாஞ்சலி நோட்டில் எழுதினாள். அந்தத் தாளை இதோடு வைக்கிறேன்:

“எங்கக்கா பஸ் ஏறி எங்க வூட்டுக்கு வரத்தான் கிளம்புனான்னு இன்னிக்குத்தான் தெரியும். நாப்பது வருசமா, எங்ககிட்ட சொல்லாமக்கூட செத்துட்டாளேன்னு எங்கம்மா அவ பேரையே எடுக்காம செத்துப் போச்சு. அவ கடைசியா பேசனது உங்க தம்பிகிட்டதான். வேற இன்னா சொன்னா? எங்க பேரு எதுனா சொன்னாளா? காலையில எதுனா சாப்ட்டிருந்தாளா?”

இதற்குப் பதில் எனக்கு எழுதாதே. கரையாம்புத்தூருக்குப் போய் அவளிடம் சொல்.

கமலவேணி

கோயம்புத்தூர்
8.7.2024

அக்காவுக்கு,

வியாழக்கிழமை காலையில் விழுப்புரத்தில் இறங்குகிறேன். நேராகக் கரையாம்புத்தூர் போய்விட்டு, நீ விட்டால் உன் வீட்டுக்கு வருகிறேன்.

எனக்கு எழுதாதே என்றாய். அவள் முன்னால் நின்றால் வாய் வராமல் போய்விடுமோ என்று பயந்து, ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். உன்னிடமும் மலரிலும் சொல்லாமல் விட்டது.

வீட்டார் பெயரைச் சொன்னாள். “தங்கச்சி பவுனு தனியா இருப்பா” என்றாள். சாப்பிட்டாளா தெரியாது. தண்ணி கேட்டாள். கடைப்பானை நிறையத் தண்ணீர் இருந்தது. அதையும் போணி ஆன பிறகு தருகிறேன் என்றேன்.

சௌந்தரராஜன்